மஞ்சள் விளக்கு எரிகிறது!

சிவப்பு நிறக் கார். இரண்டே கதவு. தரையைத் தொட்டுவிடுமோ என்று பயப்படும்படி தாழ்ந்த உடம்பு. சாவியைத் திருப்பினால் சிங்கம் போல உறுமுகிறது!

புதிதாக வாங்கினால் வீடு வாங்கும் பணம் ஆகும். பழையது என்பதால் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. பெங்களூரில் பணத்தைக் கொடுத்து, அத்திப்பள்ளியைத் தாண்டி, ஜூஜூவாடி வழியாக ஓசூருக்கு ஓட்டி வந்து வாசலில் நிறுத்துகிறார் ஒருவர். தெருப்பிள்ளைகள் கூடிவிடுகிறார்கள். வீட்டு அம்மாள் எலுமிச்சம்பழம் கொண்டு வருகிறாள்.

நாலாம் நாள் ஸ்டியரிங்குக்கு எதிரே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிகிறது. எஞ்சின் படம் போட்ட விளக்கு. அணைத்தாலும் அணையவில்லை.

இப்படி நடப்பது இந்த எல்லைப்புறத்தில் அதிசயம் அல்ல. அந்த விளக்கு என்ன சொல்கிறது? அது ஏன் வாங்கிய அன்றைக்கே எரியவில்லை? அதைப் படிக்கத் தெரிந்தவர் யார்? இந்த மூன்று கேள்விகளுக்குப் பின்னால் பல குடும்பங்களின் சேமிப்பும், பல மெக்கானிக்குகளின் பிழைப்பும் இருக்கின்றன.

எல்லையில் ஒரு சந்தை

ஓசூரில் இருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர். பகலில் ஓசூர் தொழிற்சாலையில் வேலை, இரவில் பெங்களூரில் வீடு என்று வாழ்வோர் உண்டு. அதற்கு நேர்மாறாக வாழ்வோரும் உண்டு. காஷ்மீரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை, ஓசூரையும் சூளகிரியையும் கிருஷ்ணகிரியையும் ஒரே கயிற்றில் கோத்த மாதிரி இணைக்கிறது.

மோட்டார் இந்த ஊருக்குப் புதிது அல்ல. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-ல் அசோக் லேலண்டு இங்கே லாரி செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்து வெளியே வந்தது. 2013-ல் டி.வி.எஸ். கம்பெனியும் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனியும் கூட்டு சேர்ந்தன. பி.எம்.டபிள்யூ. பெயர் போட்ட 310 சி.சி. மோட்டார் சைக்கிள்கள் ஓசூரில் தயாராகி உலகமெல்லாம் போகின்றன. 2017 டிசம்பரில் அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்ற பந்தய மோட்டார் சைக்கிளும் வந்தது. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா எலக்ட்ரிக், ஓசூரில் ஏதர் என்று மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன.

ஆக, வேகத்தின் ருசி தெரிந்த ஊர்! கையில் நல்ல சம்பளம். பக்கத்திலேயே பெங்களூர். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் வியாபாரிகளும் வாங்கி, நாலைந்து வருஷம் ஓட்டி, அலுத்துப் போய் விற்கும் கார்கள் ஏராளம். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்., மினி கூப்பர், பி.எம்.டபிள்யூ. இசட்-4, ஃபோர்டு மஸ்டாங், போர்ஷே என்று பத்திரிகைப் படங்களில் பார்த்த வண்டிகள் எல்லாம் கைக்கு எட்டும் விலைக்கு வருகின்றன.

கைக்கு எட்டுவது வாங்கும் விலைதான். ரிப்பேர் விலை அப்படியே இருக்கும்! பழைய கார் என்று யாரும் புதிய உதிரி பாகத்தைக் குறைந்த விலைக்குத் தரமாட்டார்கள். கார் விலை இறங்கினாலும் பாகத்தின் விலை இறங்காது. இந்த ஒரு கணக்கை மறந்தவர்கள்தான் மஞ்சள் விளக்கைக் கண்டு நடுங்குகிறார்கள்.

விளக்கு பிறந்த கதை

இந்த விளக்கை முதலில் கேட்டது கார் ஓட்டுபவன் அல்ல. மூச்சு விட முடியாமல் தவித்த ஒரு நகரம்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை 1940களில் ஒரு பழுப்புப் புகை மூடியது. கண் எரிந்தது. ஜனங்கள் இருமினார்கள். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. ஹேகன் ஸ்மித் என்ற விஞ்ஞானி 1950களின் தொடக்கத்தில் கண்டுபிடித்துச் சொன்னார்: கார்களும் எண்ணெய்த் தொழிற்சாலைகளும் விடும் ஆவி, சூரிய வெளிச்சத்தில் மாறி விஷப் புகை ஆகிறது என்று. கார் கம்பெனிகள் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு கலிபோர்னியா மாநிலம் சட்டம் போட்டது. 1988-ம் ஆண்டு மாடல் கார்களில் இருந்து, புகையைக் கட்டுப்படுத்தும் கருவி கெட்டால் காரே தன் வாயால் சொல்ல வேண்டும்! அதற்காக வந்ததுதான் மஞ்சள் விளக்கு. 1996-ல் இருந்து அமெரிக்கா முழுவதும் எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரி 16 முள் கொண்ட துவாரமும், ஒரே மாதிரிக் குறி எண்களும் கட்டாயம் ஆயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது.

இந்தியாவில்? 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நாலு நகரங்களில் புதுக் கார்களுக்குப் புகை வடிகட்டும் கருவி கட்டாயம் ஆயிற்று. ஈயம் கலக்காத பெட்ரோலும் அப்போதுதான் வந்தது. விளக்கும் குறி எண்ணும் 2010 ஏப்ரலில் பி.எஸ்.-4 விதியோடு வந்தன. 2013 ஏப்ரலில் விதி இன்னும் கடுமை ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2010-ல் பி.எஸ்.-4 விதி நாடு முழுவதும் வரவில்லை. 13 நகரப் பகுதிகளுக்கு மட்டும்தான். பெங்களூர் அந்தப் பட்டியலில் இருந்தது. ஓசூர் இல்லை! எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் வேறு சட்டம். பெட்ரோலும் அப்படியே. பி.எஸ்.-4 பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்குதான் இருக்கலாம். பி.எஸ்.-3 பெட்ரோலில் 150 பங்கு வரை இருக்கலாம். கந்தகம் புகை வடிகட்டும் கருவியைப் பாழாக்கும். 2017 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் பி.எஸ்.-4 ஆயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தது. கந்தகம் 10 பங்காகக் குறைந்தது. மோட்டார் சைக்கிளுக்கும் இந்த விளக்கு அப்போதுதான் கட்டாயம் ஆயிற்று.

காருக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

காருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. மளிகை மண்டிக் கணக்கப்பிள்ளை மாதிரி. எவ்வளவு காற்று உள்ளே போனது, எவ்வளவு பெட்ரோல் போனது, எரிந்தபின் வெளியே என்ன வந்தது என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பதே அதன் வேலை.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று கூடினாலும் தவறு; குறைந்தாலும் தவறு. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புகைக் குழாயில் ஒரு மூக்கு வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் சென்சார் என்று பெயர். ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1976-ல் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதே கம்பெனியின் கிளைதான், 1951-ல் பெங்களூரில் தொடங்கி, நம் மெக்கானிக்குகள் இன்றும் 'மைக்கோ' என்று சொல்லும் கம்பெனி.

புகைக் குழாயில் அடுத்து வருவது புகை வடிகட்டும் கருவி. பார்ப்பதற்கு சைலன்சர் டப்பா போல இருக்கும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலை உயர்ந்த உலோகப் பூச்சு. விஷப் புகை இதன் வழியாகப் போகும்போது விஷம் குறைகிறது. இதற்குப் பின்னால் இன்னொரு மூக்கு. முன் மூக்கும் பின் மூக்கும் ஒரே வாசனையைச் சொன்னால், நடுவில் இருக்கும் கருவி வேலை செய்யவில்லை என்று அர்த்தம்!

கணக்கு ஒரு தடவை தப்பினால் கம்ப்யூட்டர் பொறுத்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்திலும் அதே தப்பு வந்தால் பெரும்பாலும் விளக்கை ஏற்றும். கூடவே ஒரு குறி எண்ணை எழுதி வைக்கும். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் தப்பு நடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளும். மூன்று ஓட்டம் தொடர்ந்து தப்பு இல்லை என்றால் விளக்கு தானாக அணையும். ஆனால் எழுதியது அழியாது. எஞ்சின் நாற்பது தடவை சூடேறி ஆறிய பிறகுதான் குறிப்பு அழியும்.

விளக்கு எப்படி எரிகிறது என்பதும் முக்கியம். அசையாமல் எரிந்தால் வண்டியை மெதுவாக ஓட்டி மெக்கானிக்கிடம் போகலாம். கண் சிமிட்டினால்? உடனே ஓரம் கட்ட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது. அது புகைக் கருவிக்குள் போய் அங்கே எரியும். தேன்கூடு உருகிவிடும். கிருஷ்ணகிரி வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மிதித்தால், சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை லட்சத்துக்குப் போய்விடும்.

ஆயில் படம் போட்ட சிவப்பு விளக்கு வேறு. அது எரிந்தால் ஒரு அடிகூட ஓட்டக்கூடாது.

குறி எண் மருந்துச் சீட்டு அல்ல

ஸ்கேனர் என்ற கருவி இன்று சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் துவாரத்தில் சொருகினால், செல்போனிலேயே குறி எண் தெரியும். 'பி 0302' என்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள்.

இங்கேதான் அரைகுறை மெக்கானிக்குக்கும் தேர்ந்த மெக்கானிக்குக்கும் வித்தியாசம் தெரியும்.

அரைகுறை உடனே சொல்வார்: "பிளக் மாற்று, காயில் மாற்று, இன்ஜெக்டர் மாற்று." மூன்றையும் மாற்றினால் மூன்றில் ஒன்று பலிக்கும்! மீதி இரண்டுக்குக் கொடுத்த பணம் வீண்.

தேர்ந்தவர் ஒரு காசு செலவில்லாமல் சோதனை செய்வார். இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி நாலாவதில் போடுவார். நாலாவதின் காயிலை இரண்டாவதில் போடுவார். குறி எண்ணை அழித்துவிட்டு வண்டியை ஓட்டுவார். இப்போது 'பி 0304' என்று வந்தால், குற்றவாளி காயில்! காயிலோடு குற்றமும் இடம் மாறிவிட்டது அல்லவா? மறுபடியும் 'பி 0302' என்றே வந்தால் காயில் நிரபராதி. அடுத்தது பிளக். பிறகு இன்ஜெக்டர். எதுவும் இல்லை என்றால்தான் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். அழுத்தம் குறைவு என்றால் எஞ்சினைப் பிரிக்கும் வேலை. அப்போது, போட்ட பணத்தை மறந்துவிட்டு காரை விற்றுவிடுவதே மேல் என்றுகூடத் தோன்றலாம்.

இன்னொரு குறி எண் 'பி 0171'. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதற்கு ஆக்சிஜன் மூக்கை மாற்றச் சொல்வோர் உண்டு. சேதி கொண்டு வந்தவனை அடிப்பது போன்ற காரியம் அது! உண்மையில் எங்கோ ஒரு ஹோஸ் பைப் வெடித்துக் காற்று நுழையலாம். அல்லது பெட்ரோல் பம்பு களைத்திருக்கலாம். எது என்று பிரிப்பது எப்படி? வண்டி நிற்கும்போது கணக்கு மோசமாகவும், எஞ்சின் வேகம் கூடும்போது சரியாகவும் இருந்தால் காற்று ஒழுகுகிறது. நிற்கும்போது சரியாகவும், மேட்டில் ஏறும்போது மோசமாகவும் இருந்தால் பம்பு அல்லது பில்டர். கிருஷ்ணகிரியில் இருந்து சூளகிரி மேட்டில் ஏறி வந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

பந்தயக் கார்களுக்கே உரிய வியாதி ஒன்றும் இருக்கிறது. முன்பிருந்தவர் சத்தத்துக்காகவும் வேகத்துக்காகவும் கம்பெனி ஏர் பில்டரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய கூம்பு பில்டரை மாட்டியிருப்பார். அந்த எண்ணெய் காற்றை அளக்கும் கம்பியில் படிந்துவிடும். கம்பி பொய் சொல்லும். கணக்கு தப்பும். அதற்கென்று விற்கும் திரவத்தைத் தெளித்துக் கழுவினால் தீர்ந்துபோகும் வியாதி இது. ஆனால் இதற்காகவே பெரிய பில் கட்டியவர்கள் உண்டு.

விளக்கை ஏமாற்றுவோர்

இப்போது இரண்டாவது கேள்வி. வாங்கிய அன்று விளக்கு ஏன் எரியவில்லை?

விற்பவர் முந்தின நாள் ஸ்கேனரைச் சொருகி ஒரு பொத்தானை அமுக்கியிருப்பார். குறி எண் அழிந்துவிடும். விளக்கு அணைந்துவிடும். குற்றம் மட்டும் அப்படியே இருக்கும். நாலு நாள் ஓடியதும் கம்ப்யூட்டர் மறுபடியும் கண்டுபிடித்து விளக்கை ஏற்றும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்!

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குறி எண்ணை அழித்தால், கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்த சோதனை முடிவுகளும் சேர்ந்து அழியும். புகைக் கருவி, ஆக்சிஜன் மூக்கு ஆகியவற்றின் சோதனை முடிய பல ஓட்டங்கள் வேண்டும். ஆகவே ஸ்கேனரில் 'சோதனை இன்னும் முடியவில்லை' என்று பல இடத்தில் காட்டினால், சமீபத்தில் யாரோ அழித்திருக்கிறார் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார். அழித்தபின் எத்தனை கிலோ மீட்டர் ஓடியது என்பதையும் பல கார்கள் சொல்லும். 'பெங்களூரில் தினமும் ஆபீசுக்குப் போகும் வண்டி' என்று சொல்லும் காரில் அந்தக் கணக்கு 12 கிலோ மீட்டர் என்றால், மேலே பேச வேண்டியதில்லை.

அதைவிடத் துணிந்தவர்கள் விளக்கையே எரியாதபடி செய்துவிடுகிறார்கள். இதற்கு ஸ்கேனரே வேண்டாம். சாவியைத் திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பாருங்கள். மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். கிளப்பியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். இதைப் பத்து வயதுப் பையன்கூடப் பார்த்துச் சொல்லலாம்.

புகை வடிகட்டும் கருவியையே கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாய் போடுவதும் பந்தயக் கார்களில் உண்டு. அந்தக் கருவியில் உள்ள உலோகத்துக்கு நல்ல விலை. 'பி 0420' என்ற எண் வராமல் இருக்க, பின் மூக்கைச் சற்றுத் தள்ளி வைக்க ஒரு துண்டு இரும்பை மாட்டுவார்கள். மூக்குக்கு வாசனை சரியாக எட்டாது. கருவி நன்றாக இருப்பதாக நம்பிவிடும்!

வாங்குபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கம்பெனி செய்த அமைப்பை மாற்றுவது சட்டப்படி குற்றம். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், இப்படி மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று இருக்கிறது. மாற்றியவர் பெங்களூரில் நிம்மதியாக இருப்பார். பிடிபடும்போது ஆர்.சி.யில் இருப்பது ஓசூர்க்காரர் பெயர்!

தனி ஆள்தான் ஏமாற்றுவான் என்பதும் இல்லை. 2015 செப்டம்பரில் உலகமே திடுக்கிட்டது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி தன் டீசல் கார்களின் கம்ப்யூட்டருக்கே பொய் சொல்லக் கற்றுக் கொடுத்திருந்தது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் புகையைக் குறைக்கும். ரோட்டில் போகும்போது கூட்டிவிடும். விளக்கு எரியவே எரியாது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள்! இந்தியாவில் 3 லட்சத்துக்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதனைக் கருவியைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்ததால்தான் குட்டு வெளிப்பட்டது.

எத்தனால் மீது பழி

சமீப காலமாக விளக்கு எரிந்தால் பலர் ஒரே பதில் சொல்கிறார்கள்: "எல்லாம் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலால்தான்!"

2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை விற்கத் தொடங்கினார்கள். தொடக்க விழா நடந்த இடமும் பெங்களூர்தான். 2025-க்குள் அது நாடெங்கும் பரவிவிட்டது. அதற்கு முன் செய்த கார்கள் பெரும்பாலும் குறைந்த எத்தனாலுக்கு என்று செய்தவை. ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்று போதும். ஆகவே கலப்புப் பெட்ரோலுக்கு சுமார் 13.5 கிலோ காற்று என்று கணக்கு மாறுகிறது. கம்ப்யூட்டர் அதற்கு ஏற்றபடி பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி ஊற்றுகிறது. மைலேஜ் குறைகிறது. பழைய முறைக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் அறிக்கையே 2021-ல் சொல்லியிருக்கிறது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களுக்கும் எத்தனால் ஆகாது.

ஆனால் விளக்கை ஏற்ற அது மட்டும் போதுமா? பொதுவாகப் போதாது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க அதைவிட அதிக இடம் வைத்திருக்கிறது. ஏற்கனவே ஒரு குழாயில் ஒழுகல் இருந்து, கம்ப்யூட்டர் அதைச் சமாளித்துக்கொண்டு இருந்தால், எத்தனால் வந்து அந்த மிச்ச இடத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்போது விளக்கு எரியும். கடன்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்த கதை! விருந்தாளியைத் திட்டுவதால் கடன் தீராது. குழாயைத்தான் தேட வேண்டும்.

சாவி யார் கையில்?

மூன்றாவது கேள்வி. இதையெல்லாம் படிக்கத் தெரிந்தவர் யார்?

ராயக்கோட்டை ரோட்டிலும் பாகலூர் ரோட்டிலும் காதால் கேட்டே எஞ்சின் நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். டி.வி.எஸ். 50-யும் அம்பாசடரும் அவர்கள் கையில் பொம்மை. புதிய கார் அவர்களிடம் பேசுவதில்லை, ஸ்கேனரிடம்தான் பேசுகிறது. ஸ்கேனரிலும் எல்லாம் சொல்வதில்லை. பொதுக் குறி எண்களை எந்தக் கருவியும் படிக்கும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ரகசியக் குறி எண்களும் வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்க அந்தக் கம்பெனியின் கருவியே வேண்டும். அதை வெளி மெக்கானிக்குக்குச் சுலபத்தில் கொடுப்பதில்லை.

இது நியாயமா என்ற வழக்கு இந்தியாவிலேயே நடந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரி பாகங்களையும், நோய் கண்டுபிடிக்கும் கருவிகளையும், ரிப்பேர் புத்தகங்களையும் வெளியாருக்குத் தராமல் அடைத்து வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்குகளுக்கும் அவற்றைக் கொடுக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது.

2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு போட்டது. டிராக்டர், செல்போன், வீட்டுச் சாமான்களோடு மோட்டார் வண்டிகளும் அதில் சேர்ந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் இதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தார்கள். கம்பெனிகள் தாங்களாகவே ரிப்பேர் விவரங்களைப் போடும் இடம் அது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே ஜனங்கள் வாக்களித்து, கார் கம்பெனி தன் டீலருக்குத் தரும் விவரத்தை வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தார்கள். இணையதளம் வேறு, சட்டம் வேறு. சட்டத்தின் பலம் இருந்தால்தான் ராயக்கோட்டை ரோட்டு மெக்கானிக் தைரியமாகப் போய்க் கேட்க முடியும்.

தொழில் தெரிந்த பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் குறைவு அல்ல. தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படிப்பு இரண்டு வருஷம். படித்து முடித்ததும் நேராகத் தொழிற்சாலைக்குப் போய்விடுகிறார்கள். மாதச் சம்பளம் நிச்சயம் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. தெரு ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் பிடிக்க ஆள் கிடைப்பது அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது. பந்தயக் கார்க்காரர் மறுபடியும் பெங்களூருக்கே வண்டியை இழுத்துக்கொண்டு போகிறார். இழுவை வண்டிக்கு வேறு பணம்!

காகிதங்களும் பேசும்

எஞ்சின் போலவே காகிதங்களுக்கும் சோதனை உண்டு.

2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும். ஐந்து வருஷம் செல்லும் சான்று அது. வண்டியை விற்பவர் வியாபாரியிடம் ஒப்படைத்ததும் அந்த விவரத்தை இணையம் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் அந்த வண்டிக்கு வியாபாரிதான் பொறுப்பு. சான்றைக் காட்டுங்கள் என்று கேட்க வாங்குபவருக்கு வெட்கம் வேண்டியதில்லை.

கர்நாடக எண் போட்ட காரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புது எண் வாங்க வேண்டும். அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். அதற்கான படிவம் 28. பெயர் மாற்ற 29-ம் 30-ம் படிவங்கள். தமிழ்நாட்டு ஆயுள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். விலை உயர்ந்த காருக்கு வரியும் உயர்வு. இந்தத் தொகையை விலை பேசும்போதே கணக்கில் சேர்க்காதவர்கள், பிறகு கர்நாடக எண்ணோடே ஒளித்து ஓட்டுகிறார்கள். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது ஆர்.சி.யில் யார் பெயர் என்பதைத்தான். பாலிசியையும் 14 நாளைக்குள் பெயர் மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

புகைச் சான்று இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 கார்களுக்கு அது ஒரு வருஷம் செல்லும். ஆனால் அந்தச் சோதனையில் காரை நிற்க வைத்து, குழாயில் கம்பியை விட்டு, புகையை மட்டும் அளக்கிறார்கள். 16 முள் துவாரத்தில் யாரும் எதையும் சொருகிப் பார்ப்பதில்லை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் கார்கூட நல்ல சான்றோடு வெளியே வந்துவிடலாம்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே புகைச் சோதனைக்குப் போனால் முதலில் ஸ்கேனரைத்தான் சொருகுகிறார்கள். விளக்கு எரிந்தால் சான்று கிடையாது. முந்தின நாள் குறி எண்ணை அழித்துவிட்டு வந்தாலும் கிடையாது. சோதனைகள் முடிந்தபின் வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஓசூரில் பழைய கார் வாங்குபவர் இந்தச் சோதனையைத் தாமேதான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அரை மணி நேர வேலை. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு ஸ்கேனரோடு ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனால் அவர் கேட்கும் கூலி, ஒரு காயில் விலையில் பாதிகூட இராது. எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போவது நல்லது. "இப்போதுதான் சூடு ஏற்றி வைத்தேன்" என்று விற்பவர் சொன்னால், மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பலாம்.